பை சுமந்தவர்களின் கோப்பை

மந்திர் மார்க் பக்கம் குடியிருக்கும் தமிழர்களிடம் டெல்லியில் விளையாட்டு பார்க்க எங்கே போவீர்கள் என்று கேட்டால் பெரோஸ் ஷா கோட்லா என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் சிவாஜி ஸ்டேடியத்து ஹாக்கியைச் சொல்வார்கள். ஜாகிர் உசேன் மார்க்கில் இருக்கும் டெல்லி கோல்ஃப் கிளப்பை யாரும் சொல்ல மாட்டார்கள். சுப்பிரமணிய பாரதி மார்க்குக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிலிருந்தும் அதிக தூரமில்லை. பஸ்ஸில் போகும்போது நீளமான சுவரும் அதற்கு மேலே மரங்களும் தெரியும், அவ்வளவுதான். இந்தியன் ஓப்பன் என்ற போட்டி 1964-ல் தொடங்கியது அந்தச் சுவருக்குப் பின்னால்தான். இந்தியா நடத்தும் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் இதுவே மூத்தது. கோப்பையை வென்ற இந்தியர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் கோல்ஃப் கிளப்களில் அடுத்தவர் பையைச் சுமந்தவர்களும் புல்வெளி பராமரித்தவர்களின் பிள்ளைகளும்தான்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சுற்றுக்கு 18 குழிகள். பெரிய போட்டி என்றால் நான்கு நாட்களில் நான்கு சுற்று, ஆக 72 குழிகள். எல்லாவற்றிலும் சேர்த்துக் குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கிறார். இரண்டு நாள் முடிந்ததும் கீழே இருக்கும் பாதிப் பேர் போல வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பெயர் ‘கட்’. கட்டைத் தாண்டாதவருக்குக் காசு கிடையாது. பயணச் செலவு, அறை வாடகை, பை சுமக்கும் கேடியின் கூலி எல்லாம் கைக்காசு.

போட்டிக்கு வித்திட்டவர் பீட்டர் தாம்சன் என்ற ஆஸ்திரேலியர். 1954, 55, 56, 58, 65 என ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றவர். பேரும் புகழும் சேர்ந்தபின் அமெரிக்காவிலேயே தங்கி டாலர் எண்ணியிருக்கலாம். மனிதருக்கு ஆசியா பிடித்திருந்தது. இந்தியாவில் நல்ல திடல்கள் இருக்கின்றன, ஆடுபவர்களும் இருக்கிறார்கள், ஒரு ஓப்பன் மட்டும் இல்லையே என்று இங்குள்ள கோல்ஃப் பெரியவர்களிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். முதல் போட்டியை டெல்லியில் வைத்தார்கள், ஜெயித்தவரும் அவரே. 1966-லும் 1976-லும் மறுபடி வென்றார். பிறகு டெல்லித் திடலைத் திருத்தி அமைத்ததும் அவர்தான். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் திடலை வடிவமைத்ததிலும் அவர் கை உண்டு. அந்தப் பெங்களூர்த் திடலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லித் திடலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இருபுறமும் முள்ளும் புதருமாக அடர்ந்திருக்க, நடுவில் குறுகலான புல்வழி. லால் பங்களா முதலான பழைய கல்லறை மண்டபங்கள் ஆடுகளத்துக்குள்ளேயே நிற்கின்றன. மயில்கள் பாட்டுக்கு நடமாடும். பந்து புதருக்குள் போய்விட்டால் தேட மூன்று நிமிடம்தான் விதி தருகிறது. கிடைக்காவிட்டால் அபராத அடியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். 300 கஜம் விளாசுகிறவனைவிட 230 கஜத்தை நேராக அடிக்கிறவனுக்குத்தான் இந்த மண் இடம் கொடுக்கும். இந்தத் திடலின் ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் யார்? அரசுச் செயலாளர்களும் கம்பெனித் தலைவர்களும் இல்லை. அவர்கள் பின்னால் நடந்த பையன்கள்தான்.

1965-ல் போட்டி கல்கத்தாவுக்குப் போனது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. அங்கே பில்லூ சேத்தி என்கிற பி.ஜி. சேத்தி வென்றார். 1961-ல், அர்ஜுனா விருது தொடங்கிய வருஷத்திலேயே, கோல்ஃபுக்காக அதைப் பெற்றவர். இவர் அமெச்சூர், அதாவது ஆட்டத்தை வைத்துச் சம்பாதிக்காதவர். கோப்பையை எடுத்துக்கொள்ளலாம், பரிசுப் பணத்தைத் தொட முடியாது. இந்தியன் ஓப்பனை வென்ற ஒரே அமெச்சூர் இன்றுவரை அவர்தான்.

அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த சமூக ஏற்பாடு அன்று யார் கண்ணையும் உறுத்தவில்லை. கிளப் உறுப்பினர் ஆட்டத்தைப் பொழுதுபோக்காக ஆடினார். காசுக்கு ஆடுவது அவர் கௌரவத்துக்கு இழுக்கு. காசுக்கு ஆடியவர்கள் கேடிகள். இங்கிலாந்திலும் கதை இதுவேதான். 1920-ல் பிரிட்டிஷ் ஓப்பனுக்குப் போன அமெரிக்கர் வால்டர் ஹேகன், தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் உடை மாற்ற அனுமதி இல்லை என்றதும், சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து வாசலிலேயே நிறுத்தி அதற்குள் உடை மாற்றினார். நம் ஊர் கேடிக்குக் கார் ஏது?

சேத்திக்குப் பிறகு 25 போட்டிகளில் ஒரு இந்தியர்கூட ஜெயிக்கவில்லை. 1967, 68 இரண்டிலும் ஜப்பானின் கென்ஜி ஹொசோயிஷி. 1969-ல் பிலிப்பைன்ஸின் பென் ஆர்டா. 1970-ல் போட்டி ஆசிய சர்க்யூட்டில் சேர்ந்தது. தைவான்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், அமெரிக்கர்கள் என வரிசையாக வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்க வேண்டியவர் 1981-ல் வென்ற பெய்ன் ஸ்டூவர்ட். அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூரின் தகுதிப் போட்டியில் தேறாமல், பிழைப்புக்காக ஆசியாவுக்கு வந்த இளைஞர். இந்தியாவில் ஜெயித்துவிட்டு ஊர் திரும்பியவர் பின்னாளில் ஒரு பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் இரண்டு யுஎஸ் ஓப்பனும் வென்றார். 1999 ஜூனில் இரண்டாவது யுஎஸ் ஓப்பன். அக்டோபரில் விமான விபத்தில் மரணம். அமெரிக்காவின் தேர்வில் தோற்றவர்களுக்கு ஒரு காலத்தில் இந்தியா டியூட்டோரியல் கல்லூரியாக இருந்திருக்கிறது.

இங்கே கேடி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பந்தை அடிக்கும் 14 கோல்கள் (இவற்றுக்கும் கிளப் என்றுதான் பெயர்), பந்துகள், குடை, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு பை 15 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு, நாலரை மணி நேரம் நடை. பந்து பறக்கும்போது கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது; எந்தப் புதரில், எந்த மரத்துக்கு இடப்பக்கம் விழுந்தது என்று கேட்டால் உடனே சொல்ல வேண்டும். அடித்து முடித்த கிளப்பை வாங்கி ஈரத் துண்டால் மண் போகத் துடைத்துப் பைக்குள் செருக வேண்டும். சாகிப் மணற்குழிக்குள் இறங்கி ஏறினால் அவர் காலடித் தடத்தைப் பலகைக் கோலால் நிரவ வேண்டும். குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பான கிரீனில் குந்தி உட்கார்ந்து புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து எத்தனை விரற்கடை விலகும் என்று கணிக்க வேண்டும். சொன்னது பலித்தால் சாகிப்பின் கைவண்ணம், தப்பினால் கேடியின் குற்றம். இப்படிப் பத்து வருஷம் நடப்பவனுக்கு ஆட்டத்தில் தெரியாதது என்று எதுவும் மிஞ்சாது. கையில் கிளப் எடுத்து அடிக்கும் உரிமை ஒன்றுதான் பாக்கி. பல கிளப்களில் வார விடுமுறை நாளன்று அந்த உரிமையும் கிடைத்தது. உறுப்பினர்கள் கழித்துக் கட்டிய கிளப், புதரிலிருந்து பொறுக்கிய பந்து. பெரிய பயிற்சியாளர்கள் பாடப்புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை இவர்கள் அடுத்தவர் தப்பைப் பார்த்துப் பார்த்தே கற்றார்கள்.

அப்படிக் கற்ற ஒருவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1991-ல் இந்தியன் ஓப்பனை அவர் வென்றபோது, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 26 வருஷ வறட்சி அன்று தீர்ந்தது. அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு 1993-ல் இன்னொரு தடவை வென்று பதில் சொன்னார். அர்ஜுனா விருதும் வந்தது. அதுவரை கிளப் வாசலில் வேலைக்காகக் காத்து நின்ற பையன்கள் பிறகு வேறு கணக்குப் போட ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால், இந்தப் போட்டியின் வரலாறு 1964-ல் தொடங்கவில்லை, 1991-ல்தான் தொடங்குகிறது.

1998-ல் கல்கத்தாவின் ஃபிரோஸ் அலி. அவரும் கேடியாக இருந்தவர். 1999-ல் அதே ஊர் அர்ஜுன் அட்வால். 2000-ல் ஜோதி ரந்தாவா. இவர்கள் இருவரும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்ற பேச்சு அதற்குள் செத்துவிட்டது. காரணம், காசு பெரிதாகிவிட்டது. 2002-ல் லக்னோவின் விஜய் குமார், மறுபடியும் கேடி வழி வந்தவர். ரந்தாவா 2006, 2007 இரண்டையும் வென்று மூன்று கோப்பையோடு தாம்சனின் எண்ணிக்கையைத் தொட்டார். அட்வால் 2010-ல் அமெரிக்காவில் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியரானார். இந்த வரிசையில் ஜீவ் மில்கா சிங் பெயர் இல்லையே என்று தோன்றும். உலகமெல்லாம் ஜெயித்த அவருக்கு இந்தக் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை.

பெங்களூர்த் திடல் இப்போது வருகிறது. அங்கே பந்து பொறுக்கி, பை சுமந்து வளர்ந்தவர் சின்னசாமி முனியப்பா. 2009-ல் குர்காவ் டிஎல்எஃப் திடலில் நடந்த இந்தியன் ஓப்பனில் தென்கொரியாவின் லீ சுங்கோடு சமநிலையில் முடித்து, பிளே-ஆஃபில் வென்றார். பரிசு 1,98,125 டாலர். அன்றைய மதிப்பில் 90 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு சுற்றுக்குச் சில நூறு ரூபாய் கூலிக்கு நடந்த கால்கள் அவை. தாம்சன் போட்ட விதையில் ஒன்று அவர் வரைந்த திடலிலேயே முளைத்தது என்று சொல்லலாம். தாம்சன் அப்போது உயிரோடு இருந்தார், 2018-ல்தான் காலமானார்.

இந்தப் பாதை இந்தியாவோடு நிற்கவில்லை. 2013-ல் டெல்லியில் வென்ற சித்திக்கூர் ரஹ்மான், டாக்காவின் குர்மிடோலா கோல்ஃப் கிளப்பில் பந்து பொறுக்கும் பையனாக ஆரம்பித்தவர். அவருக்கு 2,25,000 டாலர் கிடைத்தது. அந்த வருஷம் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பையைத் தவறவிட்டவர்களில் ஒருவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா.

சௌராசியாவின் கதையை ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனமில்லை. ராயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகன். ஆள் குட்டை, பந்தை நெடுந்தூரம் அடிக்கும் வலு கிடையாது. கிரீனைச் சுற்றி அவர் காட்டும் கைநேர்த்தியைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள் ‘சிப்-பட்-சியா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1999-ல், அப்பா வேலை பார்த்த அதே திடலில், 21 வயதில் இரண்டாம் இடம். 2006-ல் இரண்டாம் இடம். 2008-ல் இதே டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் என்ற ஐரோப்பிய டூர் போட்டியை எர்னி எல்ஸ் போன்ற உலக நட்சத்திரங்கள் ஆடிய களத்தில் வென்று காட்டினார்; ஆனால் இந்தியன் ஓப்பன் மட்டும் நழுவியது. 2013-ல் மறுபடி இரண்டாம் இடம். 2015-ல் கடைசி நாள் காலையில் சக இந்தியர் அனிர்பன் லாகிரியைவிட ஏழு அடி முன்னால் இருந்தார். சாயங்காலம் பிளே-ஆஃபில் லாகிரியிடம் தோற்றார். ஏழு அடி முன்னிலையை இழப்பது கிரிக்கெட்டில் இன்னிங்ஸ் வெற்றி கைக்கு வந்தபின் ஆட்டத்தைக் கோட்டை விடுவது மாதிரி. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கோப்பை இருக்கும் திசையில் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். 2016 மார்ச்சில் அவர் திரும்பி வந்தார். அதே டெல்லித் திடல். கடைசிவரை விரட்டியவர்களில் ஒருவர் அதே லாகிரி. இரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மறு வருஷம் டிஎல்எஃப் திடலில், மற்ற ஆட்டக்காரர்கள் இது திடலா தண்டனையா என்று புலம்பிய களத்தில், ஏழு அடி வித்தியாசத்தில் மறுபடி வென்றார். 2015-ல் இழந்த அதே ஏழு.

அதோடு இந்தியர் வெற்றி நின்றுவிட்டது. 2018-ல் மேட் வாலஸ். 2019-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் கேலாகர். கடைசி நாளில் ஒரே குழியில் எட்டு அடி அடித்தும் ஜெயித்தார் என்றால் மற்றவர்கள் பாட்டைக் கேட்க வேண்டாம். பிறகு மூன்று வருஷம் கொரோனா. 2023-ல் ஜெர்மனியின் மார்செல் ஸீம், 2024-ல் ஜப்பானின் கெய்தா நகாஜிமா, 2025-ல் ஸ்பெயினின் எயுஹெனியோ சக்காரா. 2024-ல் வீர் அக்லாவத் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது ஒரு ஆறுதல்.

2015 முதல் ஐரோப்பிய டூரும் சேர்ந்து அங்கீகரிப்பதால் போட்டியின் தரம் எகிறியது. 2013-ல் மொத்தப் பரிசு 12.5 லட்சம் டாலர், 2025-ல் 22.5 லட்சம். முன்பு சிகரெட் கம்பெனி பெயரிலும் மதுபானப் பெயரிலும் நடந்த போட்டி, ஹீரோ மோட்டார் சைக்கிள் பெயருக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. களமும் 2017 முதல் டிஎல்எஃபின் கேரி பிளேயர் திடலுக்கு இடம் மாறிவிட்டது. அது நீளமானது, பாறைப் பள்ளமும் ஆழமான மணற்குழியுமாக மிரட்டுவது. பந்தை வானளாவ அடித்து விழுந்த இடத்திலேயே நிறுத்தும் ஆட்டம் வேண்டும். சௌராசியா அங்கேயும் ஜெயித்தார் என்பது அவர் மேதைமை. அதை எல்லா கேடியிடமும் எதிர்பார்க்க முடியாது. அந்த ஆட்டத்துக்குச் சின்ன வயதிலிருந்தே அகாடமி, உடற்பயிற்சி நிபுணர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் தேவை. பையைச் சுமந்து கற்றுக்கொள்ளக்கூடிய பகுதி சுருங்கிக்கொண்டே போகிறது.

டெல்லி கிளப் சும்மா இருக்கவில்லை. 2025 அக்டோபரில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் என்ற பெயரில் 40 லட்சம் டாலர் போட்டி அங்கே நடந்தது. உலக நட்சத்திரம் ரோரி மெக்கில்ராய் வந்தார். புதரைப் பார்த்துவிட்டு, நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் என்ற கோலைத் தொடவே இல்லை. டாமி ஃப்ளீட்வுட் ஜெயித்தார். நேரே அடிப்பவனுக்கே இடம் என்ற அந்த மண்ணின் குணம் மாறவில்லை என்று எனக்குச் சந்தோஷம்.

கிளப்பின் குணமும் மாறவில்லை, அதில் சந்தோஷமில்லை. 2017-ல் மேகாலயத்தின் பாரம்பரிய உடையில் விருந்தினராக வந்த பெண் ஒருவரை, பணிப்பெண் போல இருக்கிறார் என்று சொல்லிச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வெளியேறச் சொன்ன விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2020-ல் கோல்ஃப் ஆட்டக்காரர் ரஷீத் கான் பகிரங்கமாகக் குமுறினார். டெல்லியிலேயே வளர்ந்தவர், 2014-ல் இதே திடலில் ஆசிய டூர் பட்டம் வென்றவர், அன்றைய உலகத் தரவரிசையில் இந்தியர்களில் முதலிடம். எளிய குடும்பத்தில் பிறந்த அவருக்கே பயிற்சிக்கு அனுமதி இல்லை என்பதுதான் குமுறல். உறுப்பினராக விண்ணப்பித்தால் அழைப்பு வரப் பல பத்தாண்டுகள் ஆகும் கிளப் அது. உறுப்பினரல்லாத சாம்பியனுக்கு அங்கே தனி விதி கிடையாது.

கேடிகளின் கை ஓய்ந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2016 டிசம்பரில் மோவ் ஊரின் முகேஷ் குமார் தன் 51-வது வயதில் இதே டெல்லித் திடலில் பானசோனிக் ஓப்பனை வென்றார். உள்நாட்டுச் சுற்றான பிஜிடிஐ போட்டிகளின் பலகையில் இலங்கையின் என். தங்கராஜா பெயரைத் தமிழர்கள் பார்க்கலாம். பெண்கள் பக்கம் 2016-ல் இந்தியன் ஓப்பனை வென்ற அதிதி அசோக் வளர்ந்ததும் அதே பெங்களூர்த் திடலில்தான். அவர் கேடி வழி வந்தவர் அல்ல, ஆனால் வெளியிலிருந்து வருகிற குழந்தைக்குப் பயிற்சி மேடையைத் திறந்துவிட்ட இடம் எதைத் தரும் என்பதற்கு அவர் சாட்சி.

நிலம் யாருடையது என்ற கேள்வி சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி குதிரைப் பந்தயத் திடலைத் தன் வசம் எடுத்தபோது, அதற்கு நடுவில் இருந்த ஜிம்கானா கோல்ஃப் திடலும் பேச்சுக்கு வந்தது. டெல்லி கோல்ஃப் கிளப்பின் நிலமும் அரசு குத்தகைக்குக் கொடுத்ததுதான். கோல்ஃபே வேண்டாம், நிலத்தைப் பிடுங்கிப் பூங்கா போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தலைநகரின் நடுவே அத்தனை மரமும் மயிலும் மிஞ்சியிருப்பதே அந்தக் கிளப்பின் சுவரால்தான்.

1964 முதல் 2025 வரை இந்தியர்கள் இந்தக் கோப்பையை வென்றது 13 தடவை. அவற்றில் 7 வெற்றி அலி ஷேர், ஃபிரோஸ் அலி, விஜய் குமார், முனியப்பா, சௌராசியா ஆகியோருடையது. வேறெந்த அகாடமியும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வரவில்லை. அரசுக்கு ஒரு வேண்டுகோள்: குத்தகைப் பத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனை சேருங்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை, கேடிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பயிற்சி மேடையும் ஒன்பது குழிகளும் இலவசம். கிளப்புக்கு இதில் செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. பந்துகள்கூட புதருக்குள்ளேயே கிடக்கின்றன.